எதிராளியையும் சேர்த்து வாங்குங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வயது 29. ஓராண்டாக ‘வார்ஹாமர் 40,000’ என்ற மேசைப் போர் விளையாட்டின் கதைகளைக் காணொளிகளில் கேட்டுவருகிறேன். இப்போது அந்த மினியேச்சர் பொம்மைகளை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி ஆடவும் ஆசை வந்துவிட்டது. சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் அதன் வலிமைக்கேற்ப இத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு; மொத்தம் 2,000 புள்ளிக்கு ஒரு முழுச் சேனையாக வாங்கிவிடலாமா? கதையை எங்கிருந்து படிப்பது? எங்கள் பக்கத்தில் இதை ஆடுகிறவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் மனைவியோ, ‘கொலுவுக்கா பொம்மை வாங்கப் போறீங்க?’ என்று கேட்கிறார்.

பதில்: முழுச் சேனையை வாங்கவேண்டாம். நீங்கள் போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன செய்திதான், அதாவது ஆட ஆள் இல்லை என்பதுதான், உங்கள் கடிதத்தின் முதன்மையான சிக்கல். அதற்கு விடை கிடைத்தால் எவ்வளவு வாங்குவது, எதை வாங்குவது என்ற மற்றக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

இந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையிடம் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரம். அந்த நாட்டில் ஒருவர் தம் சேனையைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கடைக்கோ மன்றத்துக்கோ போனால், மேசையும் அதன்மேல் வைக்கும் இடிந்த கட்டடங்களும் அங்கே இருக்கும். எதிரே நிற்க இன்னொருவர் இன்னொரு சேனையோடு வந்திருப்பார். அவரவர் பக்கத்தை அவரவரே வாங்கிக்கொள்வது என்ற வழக்கம் அந்த வசதியை நம்பி உருவானது. அந்த வழக்கத்தை அப்படியே அம்பைக்குக் கொண்டுவந்தால், அழகாக வண்ணம் தீட்டிய ஒரு சேனை பீரோவுக்குள் தனியாக நின்றுகொண்டிருக்கும். ஆடுபுலி ஆட்டத்துக்கு மூன்று புலியை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, பதினைந்து ஆட்டை வேறு யாராவது கொண்டுவருவார்கள் என்று திண்ணையில் காத்திருப்பவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவருகிறவரே இரு பக்கத்தையும் கொண்டுவரவேண்டும். ஆகவே பெரிய சேனை ஒன்றுக்குப் பதிலாக, ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு சிறு குழுக்களை வாங்குங்கள் என்பதே என் யோசனை.

2,000 புள்ளி ஆட்டத்துக்கு 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்ட பரப்பு வேண்டும். நம் வீடுகளில் அந்த அளவுக்குச் சாப்பாட்டு மேசை இருப்பதே அரிது. அறிமுகநிலைச் சேனைப்பெட்டி ஒன்றே இங்கே வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதைப்போல மூன்று நான்கு பெட்டிகள் சேர்ந்தால்தான் நீங்கள் சொன்ன புள்ளிக்கணக்கு நிறையும். அத்தனையையும் ஒட்டி வண்ணம் தீட்டப் புதியவருக்கு ஓராண்டு போதாது. அதற்குள் விதிகளும் மாறிவிடலாம்: எட்டாம் பதிப்பு 2017-இல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2020-இல், பத்தாம் பதிப்பு 2023-இல். விலை கொடுத்து விதிப்புத்தகத்தைத் தொடக்கத்திலேயே வாங்கவேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை நிறுவனமே இலவசமாக வெளியிட்டது.

அதே உலகத்தில் நிகழும் ‘கில் டீம்’ என்ற சிறு ஆட்டத்துக்கு 30-க்கு 22 அங்குலப் பலகை போதும். பிள்ளைகள் படிக்கும் மேசையே அந்த அளவு இருக்கும். குழுவைப் பொறுத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பேரிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று பேர் வரை இருந்தால் ஆடிவிடலாம். அதன் விதிகளும் கனமாகத் தோன்றினால், ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் எளிய விதிகள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் பொம்மையையும் வைத்து ஆடலாம் என்பதும், ஒருவர் தம் பக்கத்தில் ஓர் அணியை நகர்த்தியதும் மற்றவர் தம் அணியை நகர்த்துவார் என்பதும் அவற்றின் நன்மைகள். எதிராளிக்குச் சலிப்பு வராது. முதல் ஆறு மாதத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

எந்த இரண்டு குழுக்கள் என்று கேட்பீர்கள். ஸ்பேஸ் மரீன் ஐந்தாறு பேரும், ஓர்க் என்ற போர்வெறி பிடித்த வேற்றுலகத்தார் பத்துப் பேரும் போதும். ஆடுபுலியைப் போலவே ஒரு பக்கம் எண்ணிக்கை குறைந்து வலிமை மிகுந்தும், மறுபக்கம் எண்ணிக்கை மிகுந்தும் இருப்பதால், இரு பக்கமும் ஆடிப் பார்க்கத் தோன்றும். மேலும் இந்த விளையாட்டின் கதை புத்தகத்தில் மட்டும் இல்லாமல் எண்களுக்குள்ளும் இருக்கிறது என்பதை இந்த இணை தெளிவாகக் காட்டும். ஸ்பேஸ் மரீன் என்பவன் உடலையே மாற்றியமைத்து வளர்க்கப்பட்ட போர்வீரன். 40,000-இன் விதிப்படி அவன் சுட்டால் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே குறி தப்பாது. ஓர்க்குக்கோ 5 அல்லது 6 விழவேண்டும், ஏனென்றால் அவனுக்கு வெடிச்சத்தம்தான் முக்கியம், குறி இரண்டாம்பட்சம். பதினெட்டுக் குண்டு சுட்டால், மரீன் சுட்டதில் சராசரியாகப் பன்னிரண்டு குறியில் படும், ஓர்க் சுட்டதில் ஆறுதான் படும். பட்ட பன்னிரண்டிலும், துப்பாக்கியின் வலிமையும் எதிரியின் உடல் உறுதியும் சமமாக இருந்தால், 4 அல்லது அதற்கு மேல் விழும் பாதிதான் காயமாகும். அந்த ஆறிலும், எதிரி மரீன் போன்ற கனத்த கவசக்காரனாக இருந்தால், கவசத்தைத் துளைக்கும் தனித்திறன் இல்லாத குண்டில் நான்கு தெறித்துப் போய், இரண்டே உள்ளே இறங்கும். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் விதிகளில் பாதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கதைக்கு வருகிறேன். வார்ஹாமர் என்ற பெயரில் முதலில் 1983-இல் வந்தது வாளும் மந்திரமும் கொண்ட பழங்காலப் போர் ஆட்டம். அதையே விண்வெளிக்கும் தொலைதூர எதிர்காலத்துக்கும் கொண்டுசென்று ரிக் பிரீஸ்ட்லி 1987-இல் எழுதியதுதான் நீங்கள் கேட்டுவரும் 40,000. மனிதகுலத்தின் பேரரசர் பொன் அரியணையில் பத்தாயிரம் ஆண்டுகளாகச் சாகவும் இல்லாமல் வாழவும் இல்லாமல் அமர்ந்திருக்கிறார். அவர் மிகவும் நம்பிய மகன் ஹோரஸ் கிளர்ந்தெழுந்தபோது, பதினெட்டுப் படையணிகளில் ஒன்பது அவனோடு போய்விட்டன. அந்தப் போரில் பட்ட காயத்தினால் வந்த நிலை இது. இந்தக் கிளர்ச்சியைப் பற்றி 2006-இல் தொடங்கிய நாவல் வரிசை ஐம்பது புத்தகங்களைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து தொடங்கவேண்டும் என்று காணொளிகளில் சொல்லியிருப்பார்கள்; அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். முடிவு தெரிந்த கதையின் முன்கதை அது. மேசையில் உங்கள் பொம்மைகள் வாழும் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு முந்தையது. ஒரு நாவல் படித்தே ஆகவேண்டும் என்றால், டான் ஆப்நெட் எழுதிய ஐசன்ஹார்ன் வரிசையின் முதல் புத்தகத்தைப் படியுங்கள். துப்பறியும் கதையைப் போலப் போவதால், அந்த உலகத்தின் தெருக்களும் சாதாரண மனிதர்களும் அதில் கண்ணுக்குத் தெரிவார்கள்.

முழுக் கதையும் தெரியாமல் ஆட இறங்குவது தவறோ என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. நம் பக்கத்துக் கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தத் தயக்கம் வரக்கூடாது. சுடலைமாடன் விளக்குச் சுடரில் பிறந்த கதையை ஒரு குழு ஒரு விதமாகப் பாடும், அடுத்த ஊரில் இன்னொரு குழு சில இடங்களில் மாற்றிப் பாடும்; நம் ஊர்க் கோவிலுக்கு உரிய பகுதி எதுவோ அது அங்கே விரிவாக வரும், மற்றவை நாலு வரியில் கடந்துபோகும். யாரும் எழுந்து நின்று, போன கொடையில் வேறு மாதிரி அல்லவா பாடினீர்கள் என்று சண்டைக்குப் போவதில்லை. வார்ஹாமர் கதையும் நாற்பது ஆண்டுக்கு அருகாகப் பலர் பாடி வளர்த்தது. அதில் முரண்பாடுகள் உண்டு, வேண்டுமென்றே விட்ட வெற்றிடங்களும் உண்டு. பேரரசரின் இருபது மகன்களில் இருவரின் பெயரும் கதையும் ஏடுகளிலிருந்து அழிக்கப்பட்டவை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட இடங்களில் உங்கள் சொந்தப் படையணிக்கு ஒரு பெயரும் கொடியும் கோளும் கற்பித்துக்கொள்ள முழு உரிமை உண்டு. ஆகவே நீங்கள் வாங்கும் இரண்டு குழுக்களின் கதையை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் மனிதப் பேரரசு நல்லவர்களின் பக்கம் இல்லை. அறியாமையைப் புண்ணியமாகவும் வெறுப்பைக் கடமையாகவும் ஆக்கிக்கொண்ட ஓர் ஆட்சியைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்டது அது. இயந்திரம் ஏன் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டு, அதற்குத் தூபம் காட்டி மந்திரம் ஓதி இயக்கும் பூசாரிகள் அங்கே இருக்கிறார்கள். (ஆயுத பூசையன்று அலுவலகக் கணினிக்குச் சந்தனப்பொட்டு வைக்கும் நாம் அவர்களைப் பார்த்து அதிகமாகச் சிரிக்கவும் முடியாது.) கேலியைக் கொள்கையாக எடுத்துக்கொண்டு பேசுகிற சிலரை இணையத்தில் சந்திப்பீர்கள், அவர்களோடு வாதாடும் நேரத்தில் இரண்டு ஓர்க்குக்கு வண்ணம் தீட்டிவிடலாம்.

வண்ணத்தைப் பற்றி என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். பொம்மைகள் பிளாஸ்டிக் சட்டத்தோடு துண்டு துண்டாக வரும். சிறிய கட்டரால் வெட்டி, அச்சு சேர்ந்த கோட்டைக் கத்தியால் சுரண்டி, பிளாஸ்டிக்கை இளக்கிப் பிணைக்கும் மாடல் பசையால் ஒட்டவேண்டும். அவசரப் பசையும் ஒட்டும், ஆனால் கீழே விழுந்தால் கை தனியாக வந்துவிடும். அடுத்தது அடிப்பூச்சு. என் முதல் ஐந்து உருவங்களுக்கு ஐப்பசி அடைமழையில், வெறித்த நேரம் பார்த்து மொட்டைமாடியில் நின்று ஸ்பிரே அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்தினால் பூச்சு மாவு தூவியதுபோலச் சொரசொரப்பாகி, கண்ணும் மூக்கும் காணாமல் போயின. அம்பையில் ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. ஆகவே ஸ்பிரேயை மறந்துவிட்டு, தூரிகையால் பூசும் அடிப்பூச்சையே வாங்குங்கள். அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீரில் இளக்கி இரண்டு முறை மெல்லியதாகப் பூசுவது, ஒரே முறை கெட்டியாக அப்புவதைவிட நன்றாக வரும். பிறகு ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த கருமையை ஓடவிட்டால், மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தானே தேங்கி நிழல் கொடுக்கும். புதியவரின் வேலையைப் பாதிக்குமேல் காப்பாற்றுவது அந்த ஒரு புட்டிதான். எட்டுப் பத்து வண்ணங்களுக்கு மேல் வாங்காதீர்கள்.

நிலப்பரப்புக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் தெர்மாகோலை வெட்டி இடிந்த சுவர்களாக்கலாம். தேங்காய்த் தும்பு காய்ந்த புல்லாகும். திசையன்விளைப் பக்கம் போகும்போது ஒரு பிடி தேரிமண் எடுத்துவாருங்கள். சலித்துப் பசைமேல் தூவினால், செவ்வாய்க் கோளை நினைவூட்டும் அந்தச் சிவப்பு எந்த வெளிநாட்டுப் புட்டியிலும் கிடைக்காது. ரெசின் என்ற, ஒளியில் இறுகும் பிசினால் முப்பரிமாண இயந்திரத்தில் அச்சிட்ட மலிவான பொம்மைகள் விலைக்கு வருகின்றன. அடையாளம் தெரியாத போலி வார்ப்புகளைத் தவிர்த்து, உரிமம் பெற்று விற்பவரிடம் வாங்குவதில் தவறில்லை. அச்சு இயந்திரத்தையே வீட்டில் வைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். இறுகாத ரெசின் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பிரஷ்ய ராணுவத்தில் 1824-இல் அதிகாரிகளுக்குப் போர்ப்பயிற்சியாகவே பகடையோடு ஆட்டம் புகுத்தப்பட்டது, 1913-இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் ஆடும் போருக்கு விதி எழுதி வெளியிட்டார். இந்த வரலாற்றை அவரிடம் ஒப்பிக்காதீர்கள், எடுபடாது. அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது: கொலுப்படிக்கு வண்ணம் தொட்டு வைப்பதும் மரச்சொப்புக்குப் பேர்போன உங்கள் ஊரில் அரக்கு ஏற்றுவதும் இதே கைவேலைதான். அவரிடம் ஒரு தூரிகையைக் கொடுத்து, ஓர்க் பக்கத்தை அவருடையதாக்கிவிடுங்கள். சிவப்பு வண்ணம் பூசிய வண்டி வேகமாக ஓடும் என்பது ஓர்க்குகளின் நம்பிக்கை; எந்த வண்ணம் என்று அவரே முடிவு செய்யட்டும். முதல் ஆட்டத்தில் நகர்வு, சுடுதல், கைகலப்பு ஆகிய மூன்று விதிகள் போதும். முக்கால் மணிநேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல், தாயமும் சதுரங்கமும் ஆடுகிற மச்சானையோ அக்கா மகனையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்கள். இரு பக்கமும் உங்களிடமே இருப்பதால் அவர் வெறுங்கையோடு வந்தால் போதும்.

பொம்மை, பசை, கட்டர், வண்ணம் எல்லாம் சேர்த்து உங்கள் சீட்டுப் பணத்தில் பாதிக்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை அஞ்சலகத்தில் போட்டுவிட்டு, பதினைந்து உருவங்களுக்கும் வண்ணம் முடிந்த பிறகு அதை என்ன செய்வது என்று எழுதிக் கேளுங்கள்.