குருவின் நினைவாக நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் மறைந்த வயலின் ஆசிரியருக்காக, இரண்டு வயலின், வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஆகியவற்றுக்கு ஒரு இசைப் படைப்பு எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

பெயரிலிருந்தே தொடங்குங்க. கர்நாடக சங்கீதத்தில் இதற்கு ஸ்வராட்சரம் என்ற வழி இருக்கிறது: சொல்லின் எழுத்தும் அது பாடப்படும் ஸ்வரத்தின் பெயரும் ஒன்றாக அமைவது. ஊருக்கு நாலு பழனிசாமி உள்ள நம் பக்கத்தில் அந்தப் பெயரையே பார்ப்போம்: ப, நி, ச, ம கிடைக்கும். 'ழ'வை விட்டுவிடலாம். மத்தியமாவதி ராகத்தில் நான்கும் உட்காரும். கச்சேரியை முடிக்கும் ராகம் என்பதால் பொருத்தமும் கூட. முகாரி வேண்டுமென்றால் ஏறும்போது நி-யிலிருந்து நேராக ச-வுக்குப் போக முடியாது, இடையில் த வரும்.

ச-வை மேற்கத்திய இசையின் டி (D) சுரத்தில் வையுங்க. அப்போது ச, ப, ம மூன்றும் டி, ஏ, ஜி. இவை நான்கு வாத்தியங்களிலும் திறந்த தந்திகள், அதாவது விரல் வைக்காமலே ஒலிப்பவை. செல்லோ டி-யையும் ஏ-யையும் சேர்த்து இழுத்தால் தம்புரா தேவையில்லை.

சறுக்கும் இடம் கமகம்தான், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ரி, நி இரண்டையும் இருவர் ஒரே நேரத்தில் அசைத்தால் சுருதி விலகியதாகவே கேட்கும். ஒருவர் அசைக்கட்டும், மற்றவர்கள் நேராகப் பிடிக்கட்டும். அசைவை வளைகோடாக எழுதிவிட்டு, பாடிய ஒலிப்பதிவையும் கொடுங்க. காகிதம் மட்டும் போதாது.

நீளம் எட்டு நிமிடம் தாண்ட வேண்டாம். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி மறைந்த 1893இல், இருபது வயது இசையமைப்பாளர் ராக்மனினோவ் அவர் நினைவாக பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதிய படைப்பு மிக நீளம். 1907இல் ராக்மனினோவே அதைத் திருத்தினார்.

வாசிக்கும் இடமாகக் கல்யாண மண்டபம் வேண்டாங்க. மின்விசிறிச் சத்தத்தில் மெல்லிய வில் ஓட்டம் கேட்காது.