மாஜிஸ்திரேட் கோர்ட் அலுவலகம்: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் குற்றவியல் நடுவர் நீதிமன்ற அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிரிமினல் வழக்குகள், பெட்டி கேஸ்கள் (சிறு குற்ற வழக்குகள்) பற்றி வந்த கேள்விகளுக்கு, அலுவலகம் வேலை செய்யும் விதத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். வழக்கை எப்படி நடத்துவது என்பதற்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

மகன் மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. கோர்ட்டில் அந்த நம்பரைச் சொன்னால் "அப்படி வழக்கே இல்லை" என்கிறார்கள். (ஒரு தாய்)

அம்மா, எஃப்.ஐ.ஆரில் இருப்பது ஸ்டேஷனின் குற்ற எண். அலுவலகம் தன் நம்பரில்தான் தேடும். விசாரணை முடிந்து போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டதும் சாட்சிப் பட்டியல், ஆவணங்கள், எதிரிகளுக்கான (குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கான) நகல்கள் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். நடுவர் கோப்புக்கு எடுத்த பிறகுதான், அதாவது வழக்காக ஏற்றுக்கொண்ட பிறகுதான், கோர்ட் நம்பர் விழும். நம்பருக்கு முன்னால், வழக்கமான வழக்குக்கு சி.சி. என்று இருக்கும், சிறு குற்றங்களின் சுருக்க விசாரணைக்கு எஸ்.டி.சி. கொலை போல செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டியதென்றால் பி.ஆர்.சி. அதில் நகல் கொடுத்து மேலே அனுப்புவதோடு நடுவரின் வேலை முடிந்துவிடும்.

அதனால் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், வருடம் மூன்றையும் சொல்லி "கோப்புக்கு எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். எடுத்திருந்தால் வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் அடுத்த வாய்தாவை இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்துவிடலாம்.

பொது இடத்தில் சத்தம் போட்டதாக பெட்டி கேஸ். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ" என்கிறார்கள். கட்டலாமா? (கல்லூரி மாணவர்)

தம்பி, இதைத்தான் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கோர்ட்டில் கட்டும் ஃபைன் கரண்ட் பில் கட்டுவது மாதிரி கிடையாது. நடப்பதைச் சொல்கிறேன். பெயரைக் கூப்பிடுவார்கள். நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார். "ஆமாம்" என்றால், கூடியவரை உன் வார்த்தையிலேயே பதிவு செய்வார். அதை வைத்து உன்னைக் குற்றவாளி என்று தீர்மானித்து அபராதமோ, கோர்ட் கலையும் வரை இருக்கச் சொல்லியோ உத்தரவு போடலாம். நடுவர் அருகில் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிளார்க் பதிவேட்டில் எழுதுவார், நீ பணம் கட்டி ரசீது வாங்குவாய். மொத்தமும் சில நிமிடம். ஆனால் பதிவேட்டில் நிற்பது தண்டனை.

செய்தது உண்மை என்றால் ஒத்துக்கொள்வதில் தவறில்லை. செய்யவில்லை என்றால் "இல்லை" என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. அப்புறம் சாட்சிகளைக் கொண்டுவந்து நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு. ஒத்துக்கொள் என்று சொல்ல எழுத்தருக்கும் அதிகாரம் இல்லை, கோர்ட் டூட்டி போலீஸுக்கும் இல்லை. என் மேஜை முன்னால் கூலி வேலைக்குப் போக நேரமாகிறதே என்று தலையாட்டிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள சில சிறு குற்றங்களில், நேரில் வராமல் தபாலில் ஒத்துக்கொண்டு பணம் அனுப்பவும் சட்டத்தில் வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். அதற்கான வரம்பை 1,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியிருக்கிறது. அதுவும் ஒத்துக்கொள்வதுதான்.

ஃபைன் கட்டி முடிந்த பழைய கேஸ். அரசு வேலை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

கேட்டிருந்தால் சொல்லுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், தண்டனை, கைது, நிலுவை வழக்கு பற்றிய தகவலை மறைக்காமல் உண்மையாகத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சிறு விஷயத்தை மறைத்தவரை மன்னிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் மன்னிப்பதா என்று முடிவெடுப்பவர் வேலை கொடுப்பவர். கோர்ட்டிலிருந்து தீர்ப்பு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாய்தாவுக்குப் போக முடியவில்லை, பிடிவாரண்டு போட்டுவிட்டார்கள். (லாரி ஓட்டுநர்)

ஒளிய வேண்டாம் ஐயா. வக்கீல் மூலம் வாரண்டை ரத்து செய்யக் கோரி மனு போட்டு, அன்றைக்கே நேரில் ஆஜராகுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, லோடு ஏற்றிய பில் என்று காரணத்துக்கு ஆதாரம் இருந்தால் கூடவே கொடுங்கள். ரத்தானதும் அந்தத் தகவல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். போகவில்லை என்றால், ரத்தான வாரண்டுக்கு ராத்திரி வந்து கதவைத் தட்டுவார்கள். இனி வர முடியாத நாளில் முன்கூட்டியே வக்கீலிடம் சொன்னால் ஆஜராகாமைக்கு மனு போடுவார்.

விபத்து வழக்கில் பைக் ஸ்டேஷனில் மழையில் கிடக்கிறது.

இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனு போடுங்கள். ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை வேண்டும். பைக், கைப்பற்றிய பொருளை போலீஸ் கோர்ட்டுக்குத் தெரிவிக்கும் படிவம் 95-ல் காட்டப்பட்டிருந்தால் அதற்கு ஒரு சொத்து எண் இருக்கும். அதை மனுவில் எழுதினால் எழுத்தர் உடனே எடுத்துவிடுவார். வாகனங்களை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போடுவார்கள்.

ஜாமீன் கொடுக்க எங்களுக்கு ஆள் இல்லை. தம்பி உள்ளேயே இருக்கிறான். (ஒரு அக்கா)

ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தார் கொடுக்க முடியவில்லை என்றால், அவரை வசதியற்றவராகக் கருதி சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தார் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், விட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல வக்கீல் இல்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரே போங்கள்.

கோர்ட் வாசலில் ஒருவர் "ஃபைனை நானே கட்டிடறேன், பணத்தைக் கொடுங்க" என்றார்.

கொடுக்காதீர்கள். உத்தரவில் எவ்வளவு என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள். அந்தத் தொகையை மட்டும் அலுவலகத்தில் கட்டி, ரசீதில் உங்கள் பெயர், வழக்கு எண், தொகை மூன்றும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ரசீது தரவில்லை என்றால் நடுவரிடமே சொல்லலாம்.