பயணிகள் ஒதுக்கிய விமானம் சரக்குக்கு மட்டும் எப்படிச் சரிப்படும்?

கேள்வி: கோவையிலிருந்து இயந்திரங்கள் ஏற்றுமதி செய்கிறோம். ஃப்ரைட்டரில், அதாவது சரக்கு மட்டும் ஏற்றும் விமானத்தில் அனுப்பலாம் என்கிறார் ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்). விசாரித்தால், அது ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிய பழைய விமானமாம். ஆட்களுக்கு ஆகாததில் சரக்கை நம்பி அனுப்பலாமா?

பதில்: விமானம் கெட்டுப்போய் ஒதுக்கப்படுவது குறைவு, பெரும்பாலும் டிக்கெட் காசில் கட்டுப்படியாகாமல்தான் ஒதுங்குகிறது. எம்டி-11 என்ற அமெரிக்க விமானத்தின் கதையைப் பாருங்கள். 1990-ல் சேவைக்கு வந்தது. சொன்ன தூரத்தை நிற்காமல் பறக்க முடியவில்லை என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1991-லேயே ஆர்டரை ரத்து செய்தது. மூன்று இன்ஜின் வேறு. 1995-ல் இரண்டே இன்ஜினோடு போயிங் 777 வந்ததும் ஆட்டம் முடிந்தது. மொத்தம் கட்டியதே 200.

சரக்குக்கு இந்தக் குறை உறைக்கவில்லை. வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் போட்டால் என்ன, பெட்டிக்குப் பசியா, கனெக்‌ஷன் ஃப்ளைட்டா? கூரியர் விமானம் இரவில் சில மணி நேரம் பறந்துவிட்டுப் பகலெல்லாம் நிற்கும். அப்படி நிறுத்திவைக்கப் புது விமானம் வாங்கினால் வட்டியே தின்றுவிடும். மலிவாகக் கிடைத்த பழசு கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் குடித்தாலும் தாங்கும்.

இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, தரையைப் பலப்படுத்தி, இடப்பக்கம் பெரிய கதவு வெட்டுவார்கள். எம்டி-11 மேல்தளத்தில் 26 பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) நிற்கும். ஏற்றும்போது வாலுக்கு அடியில் முட்டுக்கம்பு கொடுத்திருப்பார்கள். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு எழும்பிவிடும்!

போயிங் 747-க்கோ பிறவியிலேயே சரக்கு யோகம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சூப்பர்சானிக் பயணிகள் விமானம் வந்தால் இது சரக்குக்குத்தான் போகும் என்று எண்ணி விமானி அறையை மாடியில் வைத்தார்கள். மூக்கைத் தூக்கி நீளமான குழாயை நேராக உள்ளே தள்ளலாம். கடைசி ரகமான 747-8-ல் கட்டிய 155-ல் 107 சரக்கு விமானங்கள். பயணிகள் கொண்டாடிய ஏர்பஸ் ஏ380-ல் சரக்கு ரகம் ஒன்றுகூட வரவில்லை.

வயதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவில்லில் விழுந்த யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் எம்டி-11, 1991-ல் தாய்லாந்துப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இடது இன்ஜினைத் தாங்கும் இணைப்பில் உலோகச் சோர்வு விரிசல்கள் இருந்தன. அதன்பின் அங்கே எம்டி-11 எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். பராமரிப்பைக் கண்காணிப்பது விமானத் துறை அதிகாரிகள் வேலை. உங்கள் கையில் இருப்பது பெட்டியின் அளவு.

அதனால் ஃபார்வர்டரிடம் உயரத்தைப் பேசுங்கள். பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் சுமார் 160 செ.மீ. வரைதான் போகும். எம்டி-11 போன்றவற்றின் மேல்தளத்தில் 244, 747-ன் பக்கக் கதவில் 300 வரை. அடி மரச்சட்டத்தையும் சேர்த்து அளந்து, 160-க்குள் அடங்கினால் தினசரிப் பயணிகள் விமானத்திலேயே ஏற்றிவிடலாம். லித்தியம்-அயன் பேட்டரியைத் தனியாக அனுப்பினால் மட்டும் அது நடக்காது; அதற்கு ஃப்ரைட்டர்தான்.