குண்டு துளைக்காத கார்: நிறுவனத்திடமே வாங்குவதா, வெளியே கவசம் போடுவதா?

கேள்வி: என் தந்தை ஒரு பெரிய வழக்கில் முக்கியச் சாட்சி. சில மாதங்களாக மிரட்டல் வந்துகொண்டிருக்கிறது. குண்டு துளைக்காத கார் வைத்துக்கொள்வது நல்லது என்று காவல் அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். எங்களிடம் உள்ள சொகுசுக் காருக்கே கவசம் போட்டுத் தருவதாக ஒரு பட்டறை சொல்கிறது. கார் நிறுவனமே கவசத்தோடு தயாரிக்கும் காருக்கு விலையும் அதிகம், காத்திருக்கும் காலமும் அதிகம். எதை வாங்கலாம்? எந்த அளவு பாதுகாப்பு போதும்?

பதில்: விற்பனையாளரிடம் பேசுவதற்கு முன்பு அந்த அதிகாரிகளிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். மிரட்டுகிறவர்களிடம் என்ன ஆயுதம் இருக்கக்கூடும்? கைத்துப்பாக்கியா, ஏகே-47 போன்ற ரைஃபிளா, வெடிகுண்டா? இது தெரியாமல் போனால், விற்பவரிடம் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குத் தேவை என்று ஆகிவிடும்.

ஐரோப்பாவில் இந்தக் கார்களை விபிஏஎம் என்ற அமைப்பின் விதிமுறைப்படி சோதித்து விஆர் என்ற எண்ணால் தரம் பிரிக்கிறார்கள். விஆர்4 தரம் .44 மேக்னம் வரையிலான கைத்துப்பாக்கிகளைத் தாங்கும். விஆர்6 தரம் ஏகே-47 துப்பாக்கியின் வழக்கமான தோட்டாவைத் தாங்கும். விஆர்9, விஆர்10 தரங்கள் கவசத்தைத் துளைப்பதற்கென்றே கடினமான உட்பகுதியோடு செய்யப்படும் ரைஃபிள் தோட்டாக்களுக்கானவை. மெர்சிடிஸ் எஸ் 680 கார்ட் விஆர்10 சான்று பெற்றது. பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் புரொடெக்‌ஷன் விஆர்9. அதே நிறுவனத்தின் எக்ஸ்5 புரொடெக்‌ஷன் விஆர்6.

நாட்டின் அதிபருக்குப் பொருந்துவது ஒரு சாட்சிக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. அதிகாரிகள் வேறு எதையும் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, உங்கள் தந்தைக்கு விஆர்6 போதும் என்பது என் கருத்து. எண் கூடக் கூட எடையும் கூடும். அந்த எடையை ஒவ்வொரு நாளும் ஓட்டுநர்தான் சமாளிக்க வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் எடையில்தான் தொடங்குகிறது. எஸ் 680 கார்ட் ஏறக்குறைய 4.2 டன். 12 சிலிண்டர், 612 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தும் அதன் உச்ச வேகத்தை மணிக்கு 190 கிலோமீட்டரோடு நிறுத்திவைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் தயாராகும் கவசக் காரில் பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், கதவுக் கீல், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு என்று எல்லாமே இந்த எடையைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்படுகின்றன. பிஎம்டபிள்யூவின் புதிய 7 சீரிஸில் கதவுகளைத் திறந்து மூட மின் மோட்டாரே உண்டு. சாதாரணக் காருக்குள் தகடுகளைப் பொருத்தும்போது இவை அத்தனையையும் பட்டறை தனித்தனியாக மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், கதவு தொங்கும், வளைவில் வண்டி கைமீறும். தாக்குதல் நடக்காமலே போகலாம். பிரேக்கை மிதிக்காமல் ஒரு நாளும் போகாது.

பட்டறைக் காரைப் பார்க்கப் போனால் பின்கதவைத் திறந்து, கதவும் தூணும் சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மூடிய கதவைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருக்கும். சாய்வாக வரும் தோட்டா நுழைவது அங்கேதான். நல்ல தயாரிப்பில் அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு கவசப் பட்டை, கதவின் மேலும் தூணின் மேலும் படியும்படி ஓடும். பூட்டு, கண்ணாடியின் விளிம்பு, பக்கக் கண்ணாடி பொருத்திய மூலை, இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள சுவர் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலான ஏமாற்றம் சான்றிதழில்தான் நடக்கிறது. கவசத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் அவற்றைத் தயாரித்தவர் வாங்கிய சான்றிதழைக் காட்டி, கார் முழுவதும் அந்தத் தரம் என்று சொல்லிவிடுவார்கள். தகடு தாங்கும், இணைப்பு தாங்குமா? விபிஏஎம் விதிமுறையில் முடிக்கப்பட்ட முழுக் காரையே, முக்கியமாக இணைப்புகளைக் குறிவைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். வெடிப்புக்கும் தனிச் சோதனை உண்டு. எக்ஸ்5 புரொடெக்‌ஷன் 4 மீட்டர் தொலைவில் 15 கிலோ டிஎன்டி வெடிமருந்து பக்கவாட்டில் வெடித்தாலும் தாங்கும் என்று அதன் நிறுவனம் சொல்வது அவ்வகைப் பாதுகாப்பைத்தான். முழுக் காருக்கான இத்தகைய சான்றிதழைக் காட்டக்கூடிய தரமான பட்டறைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடமென்றால் தயங்காமல் பேசலாம். காட்ட முடியாதவர் விலையை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது கண்ணாடி. எக்ஸ்5 காரில் அதன் தடிமன் ஏறக்குறைய 33 மில்லிமீட்டர். பல அடுக்குக் கண்ணாடிக்கு உட்புறம் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் இருக்கும். தோட்டா பட்டுச் சிதறும் சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் தடுப்பது அதுதான். வெயிலிலும் வெப்பத்திலும் காலப்போக்கில் அடுக்குகள் பிரியும். ஓரங்களில் பால் போன்ற வெண்மையும் குமிழிகளும் தெரிந்தால் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பழைய கவசக் கார் வாங்குகிறவர்கள் இன்ஜினுக்கு முன்பு இதைப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்குப் பெரும் செலவு பிடிக்கும்.

இந்தக் கார்களில் ஜன்னல்கள் பெரும்பாலும் திறக்காது, அல்லது ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் மட்டும் இறங்கும். வெளியே நிற்பவரோடு பேச மைக்கும் ஒலிபெருக்கியும் உண்டு. காற்றுக்காக ஜன்னலையோ கூரையையோ திறக்கும்படி செய்து தாருங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பேநசீர் பூட்டோ பயணித்தது கவசம் போட்ட லேண்ட் குரூசர். கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று கையசைத்தபோதுதான் தாக்குதல் நடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

கவசத்துக்கும் எல்லை உண்டு. 1989 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க்கில், டாய்ச்ச வங்கித் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹவுசன் கவச மெர்சிடிஸில், முன்னும் பின்னும் பாதுகாப்புக் கார்களோடு சென்றார். சாலையோரத்தில் வைத்த குண்டு அவர் இருக்கைப் பக்கத்துக் கதவைத் துளைத்தது. அவர் எப்போது எந்த வழியாக வருவார் என்பது கொலையாளிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இதற்கு நேர்மாறானது 1962 ஆகஸ்ட் 22 சம்பவம். பாரிஸ் அருகே பெட்டி கிளாமாரில் பிரான்ஸ் அதிபர் டி காலின் சிட்ரோயன் டிஎஸ் காரைச் சுட்டார்கள். கவசம் இல்லாத கார், டயர்கள் வெடித்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிச் சென்றதால் டி கால் உயிர் தப்பினார்.

இன்றைய கவசக் கார்கள் டயர் காற்றிழந்த பிறகும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடக்கூடியவை. நின்று தாங்குவதற்காக இல்லை, அங்கிருந்து போய்விடுவதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே காரின் பட்ஜெட்டில் ஓட்டுநர் பயிற்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். அந்த எடையில் திடீரென்று பிரேக் பிடிப்பது, வேகமாகப் பின்னால் எடுப்பது, வழிமறித்த வண்டியின் ஓரத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு போவது ஆகியவற்றை அதே ரகக் காரில் பழக வேண்டும். பெரிய நிறுவனங்களே இந்தப் பயிற்சியை நடத்துகின்றன. பல நாடுகளில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சாதாரண கார் உரிமம் செல்லாது; ஓட்டுநரின் உரிமத்தையும் இப்போதே பாருங்கள்.

ஆக, காத்திருக்க முடியுமென்றால் நிறுவனத் தயாரிப்பில் விஆர்6 தரக் காரை வாங்குங்கள். கார் வரும் வரையிலான மாதங்களில் தந்தை வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருக்கட்டும். வாசலில் வண்டிக்காக நின்று காத்திருக்க வேண்டாம். முடிந்தால் வளாகத்துக்குள்ளேயே, கேட்டை மூடிய பிறகு ஏறி இறங்கட்டும். பயண விவரம் யார் யாருக்குத் தெரிகிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, அதிலிருந்து தேவையில்லாத பெயர்களை நீக்குங்கள். கார் வந்த பிறகும் இதை நிறுத்திவிடாதீர்கள்.