மதகடியில் விரால், முகத்துவாரத்தில் கொடுவா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டுக் காணொளிகளில் சிற்றாறுகளில் ‘பாஸ்’ என்னும் மீனைச் செயற்கை இரை வீசிப் பிடிப்பதைப் பார்த்து, அதேபோன்ற கழியும் ரீலும் வாங்கினேன். அரசலாற்றில் ஒரு மாதமாக முயன்றும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த மீன் நம் ஆறுகளில் உண்டா? அந்த முறை இங்கே செல்லுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த மீன் நம் ஆறுகளில் இல்லை, தங்கள் உழைப்பில் குறையில்லை. பாஸ் என்று அக்காணொளிகள் சொல்வது வட அமெரிக்க நன்னீருக்கு உரிய மீன். அதில் அகன்ற வாயுடைய இனம் ஏரிகளையும் மெதுவாக ஓடும் நீரையும் விரும்பும்; சிறிய வாயுடைய இனம் கல்லும் சரளையும் நிறைந்த சிற்றாறுகளில் வாழும். அம்மீனின்மேல் அந்நாட்டாருக்கு உள்ள பற்று பெரிது. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட, பத்துக் கிலோவைச் சற்றே தாண்டிய ஒரு மீனின் எடையை, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒன்று எட்டும்வரை அவர்கள் மறக்கவே இல்லை.

முறை இங்கே செல்லும், காலக்கணக்குத்தான் செல்லாது. அங்கே மீனின் ஆண்டு நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்காலம் கழிந்து நீர் பதினைந்து டிகிரியைத் தாண்டும்போது ஆண்மீன் சரளையைத் துடைத்துக் கூடமைத்து முட்டையைக் காக்கிறது. கோடையில் கருக்கலிலும் அந்தியிலும் இரை தேடுகிறது. இலையுதிர் காலத்தில் வயிறு நிறையத் தின்கிறது. கடுங்குளிரில் ஆழமான மடுவில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. நம் ஆற்று நீர் அவ்வளவு குளிர்வதே இல்லை. காவிரிப் படுகையில் மீனின் ஆண்டு தொடங்குவது மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாளில்.

ஆனால் பாஸ் நிற்கும் இடத்தை அறிகின்ற பாடம் நமக்கு அப்படியே உதவும். அது நீரோட்டத்தின் நடுவில் நின்று வலுவை வீணாக்காது. கல்லின் பின்புறத்திலோ, சாய்ந்த மரத்தின் நிழலிலோ, ஓட்டமும் அமைதியும் சந்திக்கும் கோட்டிலோ ஒதுங்கி நின்று, நீர் கொண்டுவரும் இரையைப் பாய்ந்து கவ்வும். நம் விராலும் மறைவில் பதுங்கிப் பாயும் மீனே. ஆகையால் அரசலாற்றின் நடுவை விட்டுவிடுங்கள். பாலத்தூணின் பின்னால் நீர் சுழன்று அமைதியாகும் இடம், மதகின் இறக்கைச்சுவரை ஒட்டிய மூலை, கோரையும் ஆகாயத்தாமரையும் கரையோடு சேரும் விளிம்பு, வாய்க்கால் ஆற்றில் விழும் வாய் ஆகியவற்றில் இரையை வீசுங்கள். மேலும், பாஸ் என்ற பெயர் முற்றிலும் நமக்கு அயலானதும் அன்று. கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்றுதான் அழைக்கிறார்கள். அது குறித்த கேள்வி கீழே வருகிறது.

கேள்வி: வெண்ணாற்றின் கிளைகளில் விராலுக்குத் தூண்டில் போட ஏற்ற மாதங்கள் எவை? எங்கள் தாத்தா தண்ணீர் வரத்தைப் பார்த்துத்தான் கழியைக் கையில் எடுப்பார். எனக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை.
– வாசகர், மன்னார்குடி

பதில்: தங்கள் தாத்தாவின் கணக்குத்தான் சரியான கணக்கு. நாள்காட்டியை அதற்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணை பாசனத்துக்காகத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. மூடப்படும் நாள் ஜனவரி 28. இருப்பைப் பொறுத்துத் திறப்பு பல ஆண்டுகளில் தள்ளிப்போயிருக்கிறது. கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, தங்கள் ஊர் வாய்க்காலை எட்ட மேலும் சில நாட்கள் ஆகும். அதனால் திருவையாற்றுக்காரரின் முதல் வாரமும் கடைமடைக்காரரின் முதல் வாரமும் ஒன்றல்ல.

புதுத்தண்ணீர் சருகும் நுரையுமாக, காபிக் கலங்கலாக வரும். அந்த வாரத்தில் ரப்பர்த் தவளை என்னும் செயற்கை இரையை வீசிப் பயனில்லை. மீனுக்கு அது கண்ணில் படாது. அப்போது மண்புழுவைக் கோத்து அடியில் கிடத்தினால் கெளுத்தி கிடைக்கும், அவ்வளவுதான். கலங்கல் தெளிந்து, கரையோரத்தில் கைமுழம் ஆழம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகே விராலை நினைக்க வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் ஆறு நிறைந்து ஓடும்போது விரால் ஆற்றில் நிற்பது குறைவு. ஓட்டம் அதற்குப் பிடிக்காது. அது கிளை வாய்க்கால்களிலும், வயலுக்கு நீர் பாயும் மடைகளிலும், காட்டாமணக்கு மண்டிய வடிகால்களிலும் ஏறிவிடும். முறைப்பாசனத்துக்காக ஓர் ஆற்றில் நீரை நிறுத்தி இன்னொன்றில் விடும் நாட்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீர் வடிய வடிய, வாய்க்காலுக்குள் போன மீன் மதகடிப் பள்ளத்துக்குத் திரும்பும். அந்த இரண்டு மூன்று நாட்களின் அதிகாலை, ஆண்டின் மிக நல்ல வேளைகளில் ஒன்று. பத்து மாதம் பாராத ஒருவரும் அன்று மீன் காண்பார்.

ஆடிக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். மேல்காற்று பலமாக அடிக்கும் பகலில் ஆற்றின் மேற்குக் கரையோரம் அமைதியாகவும் கிழக்குக் கரையோரம் அலையாகவும் இருக்கும். விரால் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அமைதியான கரையில் அது முகம் காட்டிய வட்டம் தெளிவாகத் தெரியும். எழுந்த வட்டத்தின்மேல் இரையை எறியாமல், அதற்கு இரண்டு முழம் அப்பால் போட்டு அதன் வழியே இழுத்துவர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆறும் வடிகாலும் வயலும் ஒரே நீராகிவிடும். விரால் சம்பா வயலின் ஓரங்களிலும் தேங்கிய பள்ளங்களிலும் இணைசேர்ந்து முட்டையிடும். இந்த இரண்டு மாதங்களில் நான் விராலுக்குத் தூண்டில் போடுவதில்லை. தாங்களும் போடாதிருக்க வேண்டுகிறேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் மீன் மந்தமாக இருக்கும். பனி விலகி, வெயில் நீரைத் தொட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு போனால் போதும்; இரையை மிக மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும்.

அணை மூடி ஆறு வற்றத் தொடங்கும் மாசி முதல் சித்திரை வரை மடுக்களில் மட்டும் நீர் நிற்கும். விரால் அங்கே குவிந்திருக்கும். பிற மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தாலும் இது காற்றை விழுங்கி உயிர் வாழும். சேறு ஈரமாக இருக்கும்வரை சேற்றுக்குள்ளும் காத்திருக்கும். பிடிப்பதற்கு இதைவிட எளிய காலம் இல்லை. அதனாலேயே அளவு வேண்டிய காலமும் இதுதான். அடுத்த ஆனியில் வாய்க்கால்களுக்கு ஏறப்போவது இந்த மடுவில் எஞ்சிய மீன்களே. நான் ஒரு மடுவில் ஒரு கோடைக்கு இரண்டு மீனுக்குமேல் எடுப்பதில்லை. மடு ஊராட்சியின் குத்தகையிலோ தனியார் குத்தகையிலோ இருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: ரப்பர்த் தவளையை விரால் ஓசையோடு அடிக்கிறது. உடனே கழியை இழுத்தாலும் பத்தில் எட்டு முறை வெறும் தவளைதான் திரும்பி வருகிறது. என்ன தவறு செய்கிறேன்?
– மாணவர், திருவையாறு

பதில்: “உடனே” என்று தாங்களே எழுதியதில் விடை இருக்கிறது. விரால் முதலில் தவளையை வாயால் அடித்து அமுக்குகிறது. பிறகுதான் அதை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்புகிறது. ஓசையைக் கேட்டு இழுத்தால், இன்னும் உள்ளே போகாத தவளையைப் பிடுங்கிவிடுகிறீர்கள். ஓசை கேட்டதும் கழியின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நூல் பக்கவாட்டில் நகர்ந்து விறைக்கும்போது ஒரே வலுவான இழுப்பு போதும். இதைப் பழக எனக்கு ஒரு முழுப் பருவம் ஆயிற்று. கண் பார்த்ததைக் கை பொறுத்துக்கொள்வது எளிதன்று.

கருவியையும் ஒருமுறை பாருங்கள். மெல்லிய தங்கூசி, அதாவது ஒற்றையிழை நைலான் நூல், நீளும் தன்மையுடையது. தாங்கள் இழுக்கும் வலு அந்த நீட்சியிலேயே கரைந்து, தூண்டில் முள் மீனின் கடினமான தாடையில் இறங்காது. முப்பது முதல் நாற்பது பவுண்டு தாங்கும் பின்னல் நூலும், ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள விறைப்பான கழியும் செடி மண்டிய இடத்துக்கு ஏற்றவை. தவளையின் உடல் கைவிரலால் அமுக்கினால் எளிதில் குழிய வேண்டும். குழிந்தால்தான் முதுகை ஒட்டிய இரு முட்களும் வெளியே தெரியும். கடைத்தவளை கெட்டியாக இருந்தால் சற்று வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்கலாம். மீன் மாட்டியதும் விளையாடவிடக் கூடாது. செடிக்குள் தலை நுழைந்த விரால் வெளியே வராது. முதல் சில நொடிகளிலேயே அதன் தலையை நீர்மட்டத்துக்குத் தூக்கி, செடியின்மேல் வழுக்கிவரச் செய்ய வேண்டும்.

மூங்கில் கழியும் மயிலிறகுத் தக்கையும் வைத்திருக்கும் பெரியவர்களிடமும் கேளுங்கள். தக்கை முதல் அசைவில் துடிக்கும்போது அவர்கள் இழுக்கமாட்டார்கள். சாய்ந்து அமிழ்ந்து நகரும்போதே வெட்டி இழுப்பார்கள். தாங்கள் கற்க வேண்டிய பொறுமையும் அதேதான்.

கேள்வி: எங்கள் வடிகாலில் சிவந்த சிறு மீன்குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மேலும் கீழுமாக நகர்கின்றன. அதற்குள் தவளையை எறிந்தால் பெரிய விரால் தவறாமல் அடிக்கிறது. இப்படிப் பிடிப்பது சரியா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: சரியன்று. அது பசியால் அடிப்பதில்லை. தாயும் தந்தையும் குஞ்சைக் காக்க அடிக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அந்தச் சிவந்த கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் தண்ணீர்ப் பாம்பும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையை இழப்பது நம் வடிகாலுக்குத் தாங்காது. குஞ்சுகள் கருத்து, கூட்டம் கலையும்வரை அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு கரைக்குப் போங்கள்.

கேள்வி: உப்பனாற்றிலும் கொள்ளிடத்தின் கடைப்பகுதியிலும் கொடுவா பிடிக்க விரும்புகிறேன். எந்த நேரம், எந்த இரை?
– வாசகர், சீர்காழி

பதில்: கொடுவாவுக்கு முதலில் பார்க்க வேண்டியது நிலவு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் மிகும். அட்டமியை ஒட்டிக் குறையும். நீர் நிற்கும்போது கொடுவா படுத்திருக்கும். நீர் நகரும்போது எழும். என் அனுபவத்தில் மிகச் சிறந்தது வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம். அப்போது வடிகாலிலும் அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கிடையிலும் இருந்த இறாலும் மடவைக் குஞ்சும் நீரோடு ஆற்றுக்குள் இறங்கும். வடிகால் வாயின் ஓரத்தில், ஓட்டம் அமைதியோடு உரசும் கோட்டில் கொடுவா காத்திருக்கும். உயிருள்ள இறாலின் வால்பகுதியில் முள்ளைக் கோத்து, ஈயம் மிகக் குறைவாகக் கட்டி, நீர் தானே கொண்டுபோகும்படி விடுங்கள். அந்தி முதல் முன்னிரவு வரை நல்ல வேளை. விளக்கொளியில் அதன் கண் தீக்கங்குபோல் மின்னுவதைக் காண்பீர்கள். மழைவெள்ளம் பெருகி முகத்துவாரம் முழுவதும் கலங்கிய நன்னீராக ஓடும் நாட்களில் முயற்சி வீண்.

இரண்டு எச்சரிக்கைகள். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோன்றது. மெல்லிய நூலை ஒரு தலையசைப்பில் அறுத்துவிடும், கையையும் கிழிக்கும். ஆகவே முள்ளுக்கு மேலே இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூசியை இணைத்துக்கொள்ளுங்கள். மீனைச் செவுளில் பிடிக்காமல் கீழ்த்தாடையை இடுக்கியால் பற்றுங்கள்.

மற்றது மீனைப் பற்றியது. கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்த பின் பெண்ணாக மாறும். ஆதலால் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீரில் பல இலட்சம் முட்டைகளை இடக்கூடியது. அதன் குஞ்சுகளே ஆற்றுக்குள் ஏறி வளர்கின்றன. சமையலுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ மீன் போதும். அதைவிடப் பெரியது வந்தால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிர்முகமாகச் சற்றுப் பிடித்திருந்து விட்டுவிடுங்கள். முள்நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை.

கேள்வி: பாஸ் மீன் குஞ்சுகள் எங்கேனும் கிடைத்தால், நம் ஆற்றில் விட்டு வளர்க்கலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் விடப்பட்ட அகன்ற வாய் பாஸ், பின்னர் நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறுமீன்களைத் தின்றழித்ததால், 2005 முதல் அதை வளர்ப்பதும் கொண்டுசெல்வதும் நீரில் விடுவதும் அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. நம்மிடமே சான்று இருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? தடை இருந்தும் ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆறுகளில் புகுந்துவிட்டது. விராலும் குரவையும் ஆராலும் உள்ள ஆற்றுக்கு இன்னொரு வேட்டை மீன் தேவையில்லை.

கேள்வி: அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இறங்கி நின்று தூண்டில் வீசலாமா?
– வாசகர், திருப்பனந்தாள்

பதில்: இறங்கக் கூடாது. அணைக்கரையில் உள்ள கீழணையை ஒட்டிய கொள்ளிடத்தில் முதலைகள் வாழ்கின்றன. கீழே உள்ள கிராமங்களில் மனிதர்களையும் தாக்கியிருக்கின்றன. நீர்விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, சரிவில்லாத உயர்ந்த கரையில் நின்று வீசுங்கள். பிடித்த மீனை நீரில் கட்டித் தொங்கவிடாமல் கூடையில் வையுங்கள். மீனை விளிம்பில் அமர்ந்து கழுவாதீர்கள். இருட்டியபின் அங்கே நிற்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருப்பதால், முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகிவிடும். கரைமேல் மின்கம்பி செல்லும் இடத்தில் கார்பன் கழியை உயர்த்தவும் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும்.