உதவித்தொகைக் கட்டுரையில் எதை எழுத வேண்டும்?

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள், தனியார் உதவித்தொகைகளுக்குக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையையே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே அனுப்ப வேண்டாம். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் ‘காமன் ஆப்’ கட்டுரைக்கு 650 சொற்கள் வரை இடமுண்டு. உதவித்தொகைக் கட்டுரைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை, கேள்வியும் வேறு.

முதலில், பணம் தருபவர் யாரைத் தேடுகிறார் என்று பாருங்கள். கோகோ கோலா ஸ்காலர்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்கு 150 மாணவர்களுக்குத் தலா 20,000 டாலர் தருகிறது. அவர்கள் பார்ப்பது தலைமைப் பண்பும் சமூகத் தொண்டும். அங்கே போய் மதிப்பெண் பெருமை பேசி என்ன பயன்?

அப்புறம், ஒரே ஒரு நிகழ்வை எடுத்து ஆழமாக எழுதச் சொல்லுங்கள். “எனக்குச் சேவை பிடிக்கும்” என்று யாரும் எழுதலாம். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், பின்னம் புரியாத பையனுக்கு அதை எப்படிப் புரியவைத்தாள் என்று அவளால்தான் எழுத முடியும். குடும்பக் கஷ்டத்தையும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பாதிக்கு மேல் அவள் என்ன செய்தாள் என்பதே இருக்கட்டும்.

தயவுசெய்து நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். பதினேழு வயதுக் குரல் மாறினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தடுக்கும் இடங்களை அவளே மாற்றட்டும்.