கடைக் கணக்கைக் காலி செய்யாமல் லினக்ஸ் கற்க

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கேள்வி மூன்று, பயம் ஒன்றுதான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சீனியர்கள் பேச்சைக் கேட்டு வீட்டு லேப்டாப்பில், விண்டோஸ் போன்ற இயங்குதளமான லினக்ஸின் ‘காலி’ (Kali) என்ற வகையைப் போடப் போகிறாள். அதே லேப்டாப்பில்தான் உரக்கடையின் டேலி கணக்கும் இருக்கிறது. பயம் நியாயமானது. அதற்காக லினக்ஸே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர் பெரும்பாலும் லினக்ஸாகத்தான் இருக்கும்.

சைபர் செக்யூரிட்டி ஆசை வந்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் காலி. 2013-ல் வந்த அது, நெட்வொர்க்கில் ஓட்டை தேடுவதைத் தொழிலாகச் செய்பவர்களின் கருவிப்பெட்டி. லினக்ஸ் பழகாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சீனியர்கள் அந்தப் பக்கம் வரை போயிருக்க மாட்டார்கள். காலி இப்போது வேண்டாம், ஓராண்டு போகட்டும். அப்போதும் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளுக்குள் போட்டுப் பழகினால் போதும்.

என்னைக் கேட்டால் லினக்ஸ் மின்ட், அதில் சினமன் பதிப்பு. மெனு இடது கீழ்மூலையில் இருக்கும், விண்டோஸ் பழகிய கைக்குத் தடுமாற்றம் இராது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டியது என்பதால், ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு அப்டேட் கிடைக்கும். அதாவது டிகிரி முடியும்வரை தொந்தரவில்லை. கல்லூரி லேபில் உபுண்டு இருந்தாலும் மென்பொருள் நிறுவும் ஆப்ட் உட்பட டெர்மினல் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரை) கமாண்டுகள் அநேகமாக அதேதான். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கூடவே வரும் டைம்ஷிஃப்ட். எதையாவது நோண்டிக் கெடுத்துவிட்டால், முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குச் சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம். கற்றுக்கொள்பவர் கெடுக்கத்தான் வேண்டும், சரிசெய்ய வழி இருந்தால் போதும்.

உபுண்டுவே போடுகிறேன் என்றால் அதுவும் சரிதான், சண்டை போட வேண்டாம். ஃபெடோரா நல்லதுதான், ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. ஃபெடோராவுக்குப் பின்னால் இருக்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ் தேர்வு எழுதும் எண்ணம் வந்தால் அப்புறம் அந்தப் பக்கம் போகட்டும். அந்தத் தேர்வில் கொள்குறி வினா கிடையாது, ஓடும் சிஸ்டத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்துகாட்ட வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸ் பற்றி யாராவது பெருமையடித்தால் கேட்டுக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

“எந்த லினக்ஸுக்கு வேலை கிடைக்கும்?” என்று கேட்டிருந்தீர்கள். மாதிரி நேர்முகத் தேர்வுகளில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன், டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) பெயருக்கு மதிப்பெண் போட்டவர் யாரையும் பார்க்கவில்லை. “சர்வர் திடீரென்று நின்றுவிட்டது, முதலில் எதைப் பார்ப்பாய்?” என்றுதான் கேட்பார்கள். போன ஆண்டு ஒரு மாணவர், அப்டேட்டுக்குப் பிறகு தன் லேப்டாப்பில் வைஃபை காணாமல் போனதையும், இரண்டு மாலை லாகை (சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவை) படித்து டிரைவரில்தான் கோளாறு என்று கண்டுபிடித்ததையும் சொன்னார். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். உங்கள் மகளுக்கும் சொல்வதற்கு இப்படி ஒரு கதை வேண்டும். மாதம் ஒரு டிஸ்ட்ரோ மாற்றினால் அது வராது. ஒன்றிலேயே ஓராண்டு இருந்து, தினம் ஒரு மணி நேரம் டெர்மினலில் உட்காரட்டும்.

சரி, இனி லேப்டாப். நான் முதன்முதலாக லினக்ஸ் போட்ட இரவு, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவும் பட்டனை அவசரத்தில் அமுக்கினேன். மூன்றாண்டு மாணவர் விவரம் போயிற்று. அதனால் முதல் வேலை, டேலி டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அதைக் கடையில் பூட்டி வையுங்கள். விண்டோஸ் 11 என்கிறீர்கள். அதில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பில் (கம்ப்யூட்டர் தொடங்கும் முறையில்) கைவைத்தபின் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓர் 8 ஜி.பி. பென் டிரைவ். அதில் இருப்பது அழிந்துவிடும், கல்யாண ஃபோட்டோ எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்டை நிறுவ உதவும் ஐ.எஸ்.ஓ. ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதில் ஏற்றி, லேப்டாப்பைத் திறக்கும்போது பூட் மெனு விசையை அமுக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. எதையும் நிறுவாமலே மின்ட் பென் டிரைவிலிருந்து ஓடும், டேலி இருக்கும் டிஸ்க்கை நாமாகத் தொடாதவரை அது தொடாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும். வைஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் இப்படியே பார்க்கட்டும். தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம், கடை அறிவிப்பை அவளே தட்டச்சு செய்து தருவாள்.

எல்லாம் ஓடினால், விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்து 60 ஜி.பி. ஒதுக்கினால் போதும். அதைக் கடைக்கு விடுமுறையான நாளில் செய்யச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வைஃபை வராவிட்டால் நிறுவ வேண்டாம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எனக்கு எழுதுங்கள்.